வேகமெடுத்தால் படகு ஏன் ஒரு பக்கம் சாய்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாக் நீரிணைக் கரையில் ஒருவர் 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். பின்பலகையில் 40 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின். ஸ்டியரிங் கிடையாது, எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் படகு மட்டமாக இருக்கிறது. வேகம் கூடி, அணியம் (படகின் முன்பகுதி) தூக்கி, நீரின்மேல் எழுந்து ஓடத் தொடங்கியதும் இடப்பக்கம் சாய்கிறது. வேகம் ஏற ஏறச் சாய்வும் ஏறுகிறது. இவர் வலப்பக்கம் அமர்ந்து இடக்கையால் கைப்பிடியைப் பிடிக்கிறார். கூட வருபவர் நடுவில் அமர்கிறார். "புரொப்பெல்லரின் முறுக்கு விசைதான் காரணம், எஞ்சினை இரண்டு அங்குலம் வலப்பக்கம் நகர்த்திப் பூட்டினால் சரியாகிவிடும்" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நகர்த்தலாமா என்று கேட்கிறார்.

நகர்த்தாதீர்கள். பின்பலகையில் புதிய துளை எதுவும் இப்போது போட வேண்டாம். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் முறுக்கு விசை உங்கள் படகில் முதல் குற்றவாளி அல்ல. படகின் அடிப்பாகத்தின் மீதும், தளத்துக்குக் கீழே தேங்கியிருக்கக்கூடிய தண்ணீரின் மீதும்தான் என் சந்தேகம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். பிறகு செலவே இல்லாமல் அதை எப்படி உறுதி செய்துகொள்வது என்றும் சொல்கிறேன்.

முறுக்கு விசை என்பது கற்பனை அல்ல. வழக்கமான புரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அது தண்ணீரை அப்படித் திருகும்போது படகு எதிர்த்திசையில் திருகப்படுகிறது. ஆகவே இடப்பக்கம் தாழ வேண்டும். மெக்கானிக் சொன்ன திசை சரிதான், அளவுதான் இடிக்கிறது. 40 எச்.பி. என்பது ஏறத்தாழ 30 கிலோவாட். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றினால், பற்சக்கரம் அதைச் சுமார் பாதியாகக் குறைத்து, புரொப்பெல்லர் தண்டு 2,700 சுற்றுக்கு அருகில் சுற்றும். அந்தச் சுற்றில் அந்தத் திறனைக் கொடுக்கத் தேவையான திருப்புத்திறன் சுமார் 105 நியூட்டன் மீட்டர். கரையில் நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால் பத்தரை கிலோகிராம் மீட்டர். அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடுக்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் படகு எவ்வளவு சாயுமோ, அவ்வளவுதான் உங்கள் எஞ்சின் முழு வேகத்தில் சாய்க்க முடியும்.

நீங்களோ வலப்பக்கம் அமர்ந்திருக்கிறீர்கள். நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 70 கிலோ என்றால் அது 32 கிலோகிராம் மீட்டர். எஞ்சினின் முறுக்கைப் போல மூன்று மடங்கு, அதுவும் எதிர்ப்பக்கத்தில். ஸ்டியரிங் சக்கரம் வைத்து ஓட்டும் சிறு படகுகளில் ஓட்டுபவரின் இருக்கை பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதற்கு இந்த எதிர் எடையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவது உண்டு. கணக்குப்படி உங்கள் படகு வேகத்தில் வலப்பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்து ஓட வேண்டும். அப்படியிருந்தும் இடப்பக்கம் சாய்கிறது என்றால், உங்கள் எடையை ஈடுகட்டி, அதற்கு மேலும் இடப்பக்கத்தை அழுத்தும் ஏதோ ஒன்று அந்தப் படகில் இருக்கிறது. எஞ்சினை இரண்டு அங்குலம் நகர்த்தினால் கிடைப்பது சுமார் 80 கிலோ எடையை 5 சென்டிமீட்டர் தள்ளியது மட்டும்: நான்கு கிலோகிராம் மீட்டர். இந்தச் சாய்வுக்கு அது போதவே போதாது. அதோடு தள்ளுவிசை நடுக்கோட்டைவிட்டு விலகுவதால் படகு நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். பழைய துளைகளையும் புதிய துளைகளையும் சரியாக அடைக்காவிட்டால் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட்டில் உப்புத் தண்ணீர் இறங்கி, அது உளுத்துப்போகும். எஞ்சினைத் தாங்குவது அந்தப் பலகைதான்.

முறுக்கு விசை பெரிதாகத் தெரியும் படகுகளும் உண்டு. இலகுவான, குறுகலான, ஆழமான 'வி' அடிப்பாகம் கொண்ட படகில் 100 எச்.பி.க்கு மேற்பட்ட எஞ்சினைப் பூட்டினால் சாய்வு கண்கூடாகத் தெரியும். உங்களுடையது அந்த வகை அல்ல.

இனி ஒரு கேள்வி உங்களுக்கு. நிற்கும்போது மட்டமாக இருக்கிறது என்கிறீர்களே, அப்போது நீங்கள் படகில் வலப்பக்கம் அமர்ந்திருந்தீர்களா, கரையில் நின்று பார்த்தீர்களா? இது சின்ன விஷயம் இல்லை. 18 அடிப் படகில் 70 கிலோ ஆள் ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்தால், நின்றிருக்கும் படகு கண்ணுக்குத் தெரியும்படி நான்கைந்து பாகை சாய வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் மட்டமாக இருந்தால், இடப்பக்கத்தில் ஏற்கெனவே உங்கள் எடைக்கு ஈடான ஒரு சுமை கிடக்கிறது என்று பொருள். அது பேட்டரியாக இருக்கலாம், பெட்ரோல் டேங்காக இருக்கலாம், நங்கூரமும் கயிறுமாக இருக்கலாம். கண்ணில் படாத தண்ணீராகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை இது. காற்றில்லாத காலை நேரத்தில், ஆழமற்ற தண்ணீரில் படகை நிறுத்தி, ஆட்களையும் சாமான்களையும் இறக்கிவிடுங்கள். பின்பலகையிலிருந்து சம தூரத்தில் இரு பக்கமும் ஓர் இடத்தைக் குறித்து, மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் நல்லது. ஒத்துவராவிட்டால் மேற்கொண்டு எதையும் சோதிக்கும் முன் அந்த எடையைத் தேடிப் பிடியுங்கள்.

தளத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள இடைவெளியில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். பார்க்கப்போனால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் அது 74 கிலோ கடல்நீர். படகு இரண்டே பாகை சாய்ந்தால் போதும், அது முழுவதும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடி ஆப்பு வடிவில் குவிந்துவிடும். அப்போது அது கொடுக்கும் திருப்புத்திறன் கிட்டத்தட்ட 15 கிலோகிராம் மீட்டர். உங்கள் எஞ்சின் முழு வேகத்தில் கொடுப்பதைவிட இது அதிகம். அணியம் தூக்கியதும் தண்ணீர் பின்னால் ஓடிவந்து சேர்வதால், நிற்கும்போது தெரியாத குறை ஓடும்போது தெரியும். இந்தத் தண்ணீர் தானாகச் சாய்வைத் தொடங்குவதில்லை. வேறொன்று ஒரு பாகை சாய்த்துவிட்டால், அதை ஐந்து பாகையாக்குவது இதன் வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கமே சாய்ந்து, நிமிர மறுக்கும் படகில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தேங்கிய தண்ணீரை.

கண்டுபிடிப்பது எளிது. படகைக் கரையேற்றி, அணியத்தை உயர்த்திப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, வடிகால் அடைப்பைக் கழற்றி ஓர் இரவு முழுக்க விட்டுவையுங்கள். காலையில் மணலில் ஈரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள். வடிந்த பிறகும் தளத்தைத் தட்டினால் சில இடங்களில் மொத்தையாகச் சத்தம் வந்தால், மிதவைக்காக அடைத்த நுரைப்பொருள் தண்ணீர் குடித்திருக்கிறது. தெர்மகோல் அடைத்த படகு என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தெர்மகோலில் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். எரிபொருள் கசியும் படகில் டேங்குக்குக் கீழே இருந்த தெர்மகோல் கரைந்து வெற்றிடமாகி, அங்கே தண்ணீர் குடியேறியிருக்கலாம். டேங்க் இடப்பக்கம் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதனைத் துளை போடுவதென்றால் தளத்தின் மேலிருந்து மட்டும் போடுங்கள். அடியிலிருந்து ஒருபோதும் வேண்டாம்.

எடையும் தண்ணீரும் இல்லை என்று தெரிந்த பிறகு ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு வரலாம். உயிர்காப்புச் சட்டை இருவருக்கும் வேண்டும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு உங்கள் மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும். சாய்ந்து ஓடும் படகில் கைப்பிடி ஒரு கணம் நழுவினால் எஞ்சின் சட்டென்று ஒரு பக்கம் திரும்பி, படகு சுழன்று, ஆளைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்த பிறகு சுற்றிச் சுற்றி அவர்மேலேயே வரும். அந்தக் கயிறு மாட்டாமல் சோதனை செய்ய வேண்டாம்.

முதலில் காற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் காற்றடித்தால், அடியில் 'வி' வடிவம் உள்ள படகு காற்று வரும் பக்கமே சாயும். புதியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். காற்று அணியத்தை ஒதுக்குகிறது. நீங்கள் அதை எதிர்த்து எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறீர்கள். புரொப்பெல்லரின் தள்ளுவிசை படகின் எடைமையத்துக்குக் கீழே பக்கவாட்டில் வேலை செய்வதால், படகு நீங்கள் திருப்பும் பக்கம் சாய்கிறது. ஆகவே ஒரே பாதையில் போய்த் திரும்பி வாருங்கள். போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் சாய்ந்தால் அது காற்று. கச்சான் (மேல்காற்று) பலமாக வீசும் மாதங்களில் மதியத்துக்குமேல் செய்யும் சோதனை உங்களைக் குழப்பத்தான் செய்யும். விடியற்காலையில் செய்யுங்கள்.

அடுத்தது கைப்பிடியின் இழுப்பு. நேராக ஓட்டும்போது உங்கள் கை கைப்பிடியை ஒரு பக்கம் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறதா? எஞ்சின் பின்பலகையோடு மிகவும் ஒட்டிச் சாய்ந்து நின்றால், வழக்கமான புரொப்பெல்லர் படகை வலப்பக்கம் இழுக்கும். நீங்கள் உங்களை அறியாமல் அதை இடப்பக்கம் திருத்திக்கொண்டே ஓட்டுவீர்கள். அந்தத் திருத்தமே படகை இடப்பக்கம் சாய்க்கும். முறுக்கு விசையும் அதே பக்கம் சேர்ந்துகொள்ளும். இதற்கு மருந்து எஞ்சினிலேயே இருக்கிறது. எஞ்சினின் சாய்வை நிர்ணயிக்கும் ஊசியை ஒரு துளை வெளியே மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத்தகட்டின் அடியில் மீன்வால் போல ஒரு சிறு துடுப்பு இருக்கிறதா பாருங்கள். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி இறுக்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். பல எஞ்சின்களில் இதே துடுப்புதான் அரிப்பைத் தடுக்கும் உலோகத் துண்டாகவும் வேலை செய்கிறது. அதற்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பழைய படகு வாங்கியவர்கள் அது முழுக்கக் கரைந்துபோய் மொட்டையாக இருப்பதைக் கவனிப்பதே இல்லை.

அணியத்தில் சுமை அதிகமாக இருந்தாலும் படகு ஒரு பக்கம் விழுந்து ஓடும். ஐஸ் பெட்டியையும் வலையையும் முன்னால் குவித்து வைத்தால் அணியத்தின் வளைந்த பகுதி தண்ணீரில் அமுங்கி, தண்ணீர் அதை ஒரு பக்கமாக உறிஞ்சி இழுக்கும். சுமையைப் பின்னால் நகர்த்தியதும் படகு நிமிர்ந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சாய்வு இருந்தால், நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது. தேவையானவை மூன்று 20 லிட்டர் தண்ணீர் கேன்கள், கோணம் காட்டும் செயலி உள்ள ஒரு கைபேசி, வேகம் காட்டும் இன்னொரு கைபேசி. கேன்களில் தண்ணீரை நிரப்பி நடுக்கோட்டில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் 20 கிலோ. ஒரு கேனை அரை மீட்டர் வலப்பக்கம் நகர்த்தினால் 10 கிலோகிராம் மீட்டர் கிடைக்கும். கிட்டத்தட்ட ஓர் எஞ்சின் முறுக்குக்குச் சமம். கோணம் காட்டும் கைபேசியைக் குறுக்குப் பலகையின் நடுவில் டேப்பால் ஒட்டி, படகு மட்டமாக நிற்கும்போது பூச்சியமாக்கிக்கொள்ளுங்கள். நீரின்மேல் எழுந்து ஓடத் தொடங்கும் வேகத்திலிருந்து ஆரம்பித்து, 12, 16, 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று மூன்று வேகங்களில் ஓட்டுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் படகு மட்டமாகும் வரை கூட இருப்பவர் கேன்களை வலப்பக்கம் நகர்த்தட்டும். எத்தனை கேன், எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்த இடம் மாறக் கூடாது. நகர்த்திவிட்டு அதே இடத்துக்கு வந்துவிட வேண்டும். நீங்களும் இருக்கும் இடத்திலிருந்து அசைய வேண்டாம்.

சாய்வுக் கோணத்தை மட்டும் பார்த்தால் ஏன் போதாது என்றால், அது வேகத்துக்கு வேகம் படகின் நிலைத்தன்மை மாறுவதாலும் மாறும். மட்டமாக்கத் தேவைப்படும் எடைக்கு அந்தக் குழப்பம் கிடையாது. சாய்க்கும் காரணம் எவ்வளவு பலமானது என்பதை அது நேரடியாக அளந்து காட்டிவிடும். மூன்று வேகங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு தேவைப்பட்டால் கோளாறு எடையில். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறினால், அதாவது 12 நாட்டில் தேவைப்பட்டதைவிட 20 நாட்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தேவைப்பட்டால், கோளாறு அடிப்பாகத்தில். தண்ணீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதுதான் இதற்குக் காரணம். இந்தக் கணக்கில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: வலப்பக்கம் அமர்ந்திருக்கும் உங்கள் எடை எல்லா வேகத்திலும் 32 கிலோகிராம் மீட்டரை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கேன்களின் கணக்கோடு அதையும் கூட்டிக்கொண்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

எஞ்சினின் முறுக்கும் சுற்று ஏற ஏறக் கூடுவதால் இங்கே ஒரு சந்தேகம் எழலாம். அதைத் தீர்க்க ஒரே ஓட்டம் போதும். 20 நாட்டில் நேராக ஓடும்போது கைப்பிடியைத் திருகி விசையைச் சட்டென்று பாதிக்குக் குறையுங்கள். எஞ்சினின் முறுக்கு அந்த நொடியே விழுந்துவிடும். படகின் வேகம் விழ இரண்டு மூன்று நொடிகள் ஆகும். முதல் நொடியில் கைபேசியின் கோணம் என்ன செய்கிறது என்று பாருங்கள். உடனே நிமிர்ந்தால் புரொப்பெல்லர். வேகத்தோடு சேர்ந்து மெல்ல நிமிர்ந்தால் அடிப்பாகம். விசையை முழுக்க மூடிவிடாதீர்கள். பின்தொடரும் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

உங்கள் படகில் இந்தச் சோதனைகள் அடிப்பாகத்தைத்தான் காட்டும் என்பது என் கணிப்பு. காரணம், நம் கரையில் ஃபைபர் படகுகள் வாழும் வாழ்க்கை. ஜெட்டி இல்லாத ஊர்களில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். 'வி' அடிப்பாகம் நேராக நிற்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் கிடக்கும். கரையின் சரிவும் இழுக்கும் திசையும் மாறாததால், ஆண்டுக்கணக்கில் அதே பக்கம்தான் கிடக்கும். எஞ்சினோடு சேர்த்து முழு எடையும் அந்தப் பக்கத்து அடித்தகட்டின் பின்பகுதியில் இறங்குகிறது. மணல் தேய்க்கிறது, வெயில் காய்ச்சுகிறது. இத்தோடு, 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகியபோது அவசரத்தில் கட்டிய படகுகளில் அடிப்பாகம் மெலிந்தவையும் இருந்தன. படகை விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்: எந்த ஆண்டு கட்டியது, கரையில் எந்தப் பக்கம் சாய்த்துப் போட்டிருந்தீர்கள்? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஐந்தடி நீள அலுமினியப் பட்டை வேண்டும். கொத்தனார்கள் பூச்சு வேலையில் பயன்படுத்தும் பட்டையே போதும், வளையாமல் இருந்தால். ஆள் கிடைத்தால் படகைக் கவிழ்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் கட்டைகளில் உயர்த்தி வையுங்கள். பாசியையும் கொட்டலசையும் (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுடைய சிறு கடலுயிர்) சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சொல்லப்போனால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும் கொட்டலசே படகைச் சாய்க்கப் போதுமானது. பிறகு பட்டையை நீளவாக்கில், ஒரு முனை பின்பலகை விளிம்பில் படும்படி, அடிப்பாகத்தில் வையுங்கள். ஏராவுக்கு (அடிப்பாகத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகுக்கோடு) அருகில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, வெளி விளிம்புக்கு அருகில் ஒரு முறை. இரு பக்கமும் இப்படி மூன்று கோடுகள். பட்டைக்குப் பின்னாலிருந்து ஒருவர் டார்ச் அடிக்க, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். இடைவெளியை அளக்க ஹாக்சா பிளேடுகளை அடுக்கிச் செருகலாம். ஒரு பிளேடு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

பட்டையின் இரு முனைகளும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பக்கம் உட்குழிந்திருக்கிறது. பின்விளிம்பு கீழ்நோக்கிய தகடு போல வேலை செய்து, அந்தப் பக்கத்தைத் தூக்கும். படகு எதிர்ப்பக்கம் சாயும். பட்டை நடுவில் தொட்டு, பின்விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பக்கம் வெளிப்புறம் வளைந்திருக்கிறது. தண்ணீர் அந்த வளைவை ஒட்டி ஓடி, அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும். ஆகவே இடப்பக்கம் சாயும் உங்கள் படகில் நீங்கள் தேடுவது இரண்டில் ஒன்று: இடப்பக்கத்தில் வெளிவளைவு, அல்லது வலப்பக்கத்தில் உட்குழிவு. சாயும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடாதீர்கள். இரு பக்கமும் ஒன்றுபோல வளைந்திருந்தால் சாய்வு வராது; வேறுபாடுதான் சாய்க்கிறது.

எவ்வளவு வளைவு என்றால் கவலைப்பட வேண்டும்? பின்விளிம்பை ஒட்டிய கடைசி 20 சென்டிமீட்டர் நீளத்தில், அரை மீட்டர் அகலத்துக்கு, அடிப்பாகம் ஒரே ஒரு பாகை கீழே திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். விளிம்பில் அது மூன்றரை மில்லிமீட்டர்தான். 20 நாட் வேகத்தில் அது கொடுக்கும் தூக்குவிசை ஏறத்தாழ 25 கிலோ. அது நடுக்கோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி வேலை செய்தால் 10 கிலோகிராம் மீட்டர். முழு வேகத்தில் எஞ்சின் கொடுக்கும் முறுக்கு முழுவதையும் மூன்றரை மில்லிமீட்டர் வளைவு கொடுத்துவிடுகிறது. 10 நாட்டில் அதுவே கால் பங்காகக் குறைந்துவிடும். மெதுவாகப் போகும்போது உங்களுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பட்டையை எடுத்துவைத்த பிறகு பின்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பாகமும் பின்பலகையும் சந்திக்கும் அந்த விளிம்பு கத்தி முனை போல இல்லாவிட்டாலும் கூராக இருக்க வேண்டும். தண்ணீர் அங்கே படகைவிட்டு வெட்டினாற்போல் பிரிய வேண்டும். விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் பிரியாமல் பின்பலகை மீது சுற்றி ஏறி, அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் கரண்டியின் முதுகைத் தொட வைத்துப் பாருங்கள். கரண்டி தண்ணீருக்குள் இழுக்கப்படும். அதே விசைதான் இங்கும். ஓடும்போது பின்னால் எட்டிப் பார்த்தாலும் தெரியும்: நல்ல விளிம்புக்குப் பின்னால் பின்பலகை காய்ந்திருக்கும், உருண்ட விளிம்புள்ள பக்கம் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும்.

ஒரு படகில் இதை மிக அருகில் பார்த்திருக்கிறேன். மணலில் இழுத்து இழுத்து இடது பின்மூலை தேய்ந்துபோயிருந்தது. யாரோ அதன்மேல் ரெசினும் ஃபைபர் பாயும் வைத்துச் சதையாக ஒட்டி, அழகாக மழுமழுவென்று தேய்த்து உருட்டி, அதே நிறத்தில் பெயின்டும் அடித்திருந்தார். மேலிருந்து பார்த்தால் வேலை சுத்தமாகத் தெரிந்தது. விரலை வைத்துத் தடவியபோது வலது மூலை தோலைச் சுரண்டியது. இடது மூலை வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீரைப் பொறுத்தவரை அந்த அழகான மழுமழுப்புதான் குற்றம். விளிம்பைக் கூராகக் கட்டியதும் சாய்வு போய்விட்டது. எஞ்சினை யாரும் தொடவில்லை. பழைய படகில் இடது பின்மூலையில் பூச்சின் நிறமோ தடிமனோ மாறியிருக்கிறதா என்று உங்கள் படகிலும் முதலில் பாருங்கள்.

பட்டையோடு அங்கே நிற்கும்போதே, அடிப்பாகத்தில் திருகி ஒட்டிய மீன் காட்டும் கருவியின் உணரி, தண்ணீர் இழுக்கும் குழாயின் வாய், உடைந்த நீளவரிப் பட்டைகள் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருப்பவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஏராவிலிருந்து நூல் பிடித்து எஞ்சின் நடுக்கோட்டில் இருக்கிறதா, தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் ஒரு பார்வை.

சரிசெய்வது எப்படி என்றால், உருண்ட விளிம்பைச் சதுரமாக்கிக் கட்டலாம். தேய்த்துப் பழைய பூச்சை நீக்கி, நன்றாகக் காயவிட்டு, பின்பலகையில் மெழுகு தடவிய பலகை ஒன்றை அணைகொடுத்து, ஃபைபர் கலந்த எபாக்சி மாவை அதன்மேல் மிதமிஞ்சி வைத்து, இறுகிய பின் பட்டையால் மட்டம் பார்த்துத் தேய்த்துவிட வேண்டும். உட்குழிவை நிரப்பி மட்டமாக்கலாம். வெளிவளைவில் பின்விளிம்பை நோக்கிக் கட்டி நேராக்கலாம். வேலை பெரிது என்றால், தாழும் பக்கத்தின் பின்விளிம்பில் சிறு ஆப்பு வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்கலாம். திருப்பிச் சரிசெய்யக்கூடிய தகடு இன்னும் நல்லது. ஆனால் ஆப்பு அணியத்தையும் அமுக்கும். பின்னாலிருந்து அலை தள்ளும்போது அணியம் அமுங்கிய படகு திசை தவறும். எனவே அது குறையைத் தீர்த்த பிறகு மிஞ்சும் சிறு சாய்வுக்கு மட்டும்.

சாய்வு ஒரே பக்கம் நிலையாக இல்லாமல், வேகத்தில் படகு இடமும் வலமும் மாறி மாறி ஆடத் தொடங்கினால் விசையைக் குறைத்துவிடுங்கள். அதைக் கைப்பிடியால் அடக்க முயல வேண்டாம். அவுட்போர்டு பூட்டிய சிறு படகு வளைவில் உட்பக்கம் சாய்வது இயல்பு. வெளிப்பக்கம் சாய்ந்தால் மேல்சுமை அளவுக்கு மீறியிருக்கிறது. அன்றைக்கு ஆட்களை ஏற்றாதீர்கள்.

கடைசியாக, பட்டை எதையும் காட்டாமலும் போகலாம். கேன் கணக்கு அடிப்பாகத்தைச் சொல்கிறது, பட்டையோ எல்லாம் நேர் என்கிறது என்றால், அடித்தகடு ஓடும்போது மட்டும் வளைகிறது. 20 நாட்டில் தண்ணீர் நேராக மோதும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல் அழுத்தம் இருக்கும். உள்ளே நீளவாக்கில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டை ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் அந்தத் தகடு உள்ளே அமுங்கும், கரையில் திரும்ப நேராகிவிடும். முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள்: ஒரு பக்கம் கல் போல இருக்க, மறுபக்கம் மெல்லக் கொடுத்தால், அல்லது உள்ளே டொக் என்று சத்தம் கேட்டால், வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல்கள் கோடு கோடாகத் தெரிந்தால், அதுதான். அப்படிப்பட்ட படகை வேகமாக ஓட்டக் கூடாது. தளத்தைத் திறந்து தாங்குகட்டையை மறுபடி ஒட்டி, மேலே ஃபைபர் பாய் சுற்றிக் கட்டிய பிறகுதான் அதைக் கடலில் இறக்க வேண்டும். திறந்த கையோடு தளத்துக்கடியில் எங்கெங்கே ஈரம் நிற்கிறது என்றும் பார்த்து, வடிகால் வழிகளைக் குத்திவிட்டுக் கொள்ளுங்கள்.